குறைந்த விலையில் இ-ரீடர்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

இ-ரீடர், அதாவது மின்நூல் படிக்கும் கருவி, வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "அமேசானின் கிண்டிலா, இன்னொரு நிறுவனத்தின் கோபோவா?" என்றுதான். அதற்கு முன் தெரிய வேண்டியது, நீங்கள் படிக்கப்போகும் புத்தகங்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பது. காசு கொடுத்து வாங்கும் மின்நூல்களா, இலவச இபப் கோப்புகளா (திரைக்கேற்ப வரிகள் மாறி அமையும் மின்நூல் வடிவம்), ஸ்கேன் செய்த பிடிஎஃப்களா? வாங்கிய இ-ரீடர் மூலையில் கிடந்தால், பெரும்பாலும் பிடிஎஃப்தான் காரணமாக இருக்கும்.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். விலை குறைந்த கருவிகள் அநேகமாக 6 அங்குலத் திரை கொண்டவை. அந்தத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ., உயரம் சுமார் 12 செ.மீ. ஏ4 தாளின் அகலமோ 21 செ.மீ. பக்கத்தை முழுதாகத் திரைக்குள் அடக்கினால் 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டாகச் சுருங்கிவிடும். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் பொடி எழுத்துப் போல. நான்கு ஓரங்களையும் வெட்டி, எழுத்துள்ள 16 செ.மீ. பகுதியை மட்டும் காட்டினால் 7 பாயின்ட் அளவுக்கு வரும். கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் 9 பாயின்ட் கிடைக்கும், ஆனால் ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தடவை நகர்த்திப் படிக்க வேண்டும். ஏ4ஐ விடச் சிறிய டெம்மி அளவுப் புத்தகத்தின் ஸ்கேன் என்றால் கவலையில்லை. அதில் எழுத்துப் பகுதி சுமார் 10.5 செ.மீ. அகலம்தான் என்பதால், ஓரத்தை வெட்டினாலே 6 அங்குலத்தில் வசதியாகப் படிக்கலாம்.

ஏ4 ஸ்கேன்கள் நிறைய வைத்திருப்பவர்கள் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளை முயன்று பார்க்கலாம். பக்கத்திலுள்ள சொற்களைப் படமாகவே வெட்டி, சிறு திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கித் தரும். எழுத்து என்னவென்று அடையாளம் காணத் தேவையில்லாததால் தமிழுக்கும் வேலை செய்கிறது. கோணலாக ஸ்கேன் ஆன பக்கம், கறை, அட்டவணை இவை வந்தால் தடுமாறும். கவிதை வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உங்களுடைய படிப்பு முழுக்கவே அட்டவணையும் படமும் உள்ள பாடப்புத்தக பிடிஎஃப்தான் என்றால் 6 அங்குல இ-ரீடர் வேண்டாம். அந்தக் காசுக்குப் பழைய 10 அங்குல டேப்லெட் மேல்.

பிடிஎஃப்பை காலிபர் என்ற இலவச மென்பொருள் கொண்டு இபப்பாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றுவதற்கு முன் ஒரு சின்ன சோதனை: பிடிஎஃப்பிலிருந்து இரண்டு வரிகளை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். சரியாக வந்தால் மாற்றலாம். ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாக வந்தால், அது யூனிகோடு பரவுவதற்கு முன் இருந்த பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியேற்றத்தில் செய்த கோப்பு. எழுத்து தமிழாகவே வந்து கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால், யூனிகோடாக இருந்தும் பிடிஎஃப்புக்குள் வரிசை குலைந்திருக்கிறது. இரண்டையும் காலிபர் தானாகச் சரிசெய்யாது. ஒட்டியதில் ஒன்றுமே வரவில்லை என்றால் அது வெறும் படம், அதாவது ஸ்கேன்.

இபப்தான் எல்லாவற்றிலும் நிம்மதி. கோபோவும் பாக்கெட்புக் என்ற இன்னொரு பிராண்டும் இபப்பை நேரடியாகத் திறக்கும். கேபிளில் காப்பி செய்தால் போதும். கிண்டிலில் அப்படிப் போட்டால் புத்தகம் பட்டியலிலேயே தெரியாது. அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை வழியாக அனுப்ப வேண்டும் (2022 முதல் அது இபப்பை ஏற்கிறது), அல்லது காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 என்ற கிண்டில் வடிவமாக மாற்றிக் கேபிளில் ஏற்ற வேண்டும். அமேசானில் வாங்கும் நூல்கள் பெரும்பாலும் நகலைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டோடு வருவதால் கோபோவில் திறக்காது. கோபோவில் வாங்கியவையும் பெரும்பாலும் கிண்டிலில் திறக்காது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி கேபிளில் ஏற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. ஆகவே எந்தக் கடையில் புத்தகம் வாங்குவீர்களோ அதன் கருவியையே வாங்குங்கள். கடையே வேண்டாம், இலவச நூல்கள் போதும் என்பவர்களுக்கு கோபோ எளிது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப்போடு 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். கோபோவிலும் சமீப வருடக் கிண்டில்களிலும் 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பைப் போட்டு, படிக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கோபோவில் இபப்பில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் அதே நூலை கெபப்பாக (கோபோவுக்கென்றே உள்ள இபப் வகை) மாற்றிப் பாருங்கள். இரண்டு வடிவத்தையும் அந்தக் கருவி வேறு வேறு மென்பொருளால் காட்டுகிறது. பெயர் தெரியாத மலிவுக் கருவிகளில் இதற்கெல்லாம் வழி இருக்குமா என்பதே சந்தேகம்.

அடுத்தது திரை. காசைப் போட வேண்டிய இடம் இதுதான். விலை குறைந்த 6 அங்குலத் திரைகள் 167, 212, 300 பிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்) என்று மூன்று அடர்த்தியில் வருகின்றன. 10 பாயின்ட் எழுத்துக்கு 167இல் கிடைப்பது சுமார் 23 பிக்சல் உயரம், 300இல் 42. ண, ன, ணை போன்ற சுழி எழுத்துகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 167இல் சுழி அடைத்துக்கொள்ளும், எழுத்தைப் பெரிதாக்குவீர்கள், பக்கத்துக்குப் பத்து வரிதான் நிற்கும். அடிப்படைக் கிண்டிலின் 2019 மாடல் 167, 2022 மாடல் 300. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலிருக்கும் என்பதால் மாடல் வருடத்தைக் கேட்டு வாங்குங்கள். கோபோ நியா 212, கிளாரா எச்டி 300. முன்விளக்கு கட்டாயம் வேண்டும். இரவில் படிப்பவர் என்றால் மஞ்சள் ஒளிக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

விளம்பரத்தில் 'இ-இங்க்' என்ற மின்தாள் திரையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'காகிதம் போன்ற திரை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது மேட் பூசிய எல்சிடியாக இருக்கலாம். பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் செலவாவது இ-இங்க்கில்தான். வாரக்கணக்கில் சார்ஜ் நிற்பதற்கு அதுவே காரணம்.

சேமிப்பிடத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். எழுத்து மட்டுமுள்ள நாவல் ஒன்றிரண்டு எம்பி, 8 ஜிபியே தாராளம். வண்ணத் திரையும் தேவையில்லை. கலைடோ 3 என்ற வண்ண இ-இங்க் திரையில் கறுப்பு வெள்ளைக்கு 300, வண்ணத்துக்கு 150 பிபிஐதான். மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் பின்புலமும் மங்கல்.

பழையது வாங்குகிறீர்களா? இ-இங்க் திரையின் அடியில் இருக்கும் மெல்லிய கண்ணாடி, வெளியே கீறலே இல்லாமலும் உடைந்திருக்கும். ஏழெட்டுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். மாறாமல் நிற்கும் கோடோ, உறைந்துபோன படத் துண்டோ தெரிந்தால் வாங்காதீர்கள். திரை மாற்றும் செலவு கருவியின் விலையை நெருங்கும். முந்தைய பக்கத்தின் மங்கலான நிழல் மட்டும் தெரிந்தால் பயமில்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை முழுதாக அழிந்து புதிதாக வரும்படி முழு ரெஃப்ரெஷ் வைத்தால் போய்விடும். விளக்கை இருட்டில் போட்டுப் பாருங்கள், நான்கு மூலையிலும் தொட்டுப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டு, உங்கள் கணக்கில் கருவி பதிவான பிறகே பணம் கொடுங்கள். தொலைந்ததாகப் புகார் ஆன கிண்டில் பதிவாகவே ஆகாது. கடைசியாக, கணினியில் செருகி ஒரு கோப்பைக் காப்பி செய்து பாருங்கள். தேய்ந்த யுஎஸ்பி துளை சார்ஜ் மட்டும் ஏற்றும், கோப்பு போகாது.