மெயின்ஸில் ஏஐயும் தேசியப் பாதுகாப்பும்: நான் படித்த விதம்

யுபிஎஸ்சி குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் (மெயின்ஸ்) மூன்றாம் பொது அறிவுத் தாளுக்கு (ஜிஎஸ் 3) படித்தபோது நண்பர்களோடு மாதிரித் தேர்வு விடைத்தாள்களை மாற்றிப் படிப்பது வழக்கம். 'ஏஐ தேசியப் பாதுகாப்புக் கொள்கையை எப்படி மாற்றுகிறது?' என்ற மாதிரிக் கேள்வி வந்தால் பெரும்பாலான தாள்களில் ஒரே வரிசைதான்: ட்ரோன், சைபர் தாக்குதல், டீப்ஃபேக், கடைசியில் 'மனிதக் கட்டுப்பாடு அவசியம்'. கேள்வியில் இருந்த 'கொள்கை' காணாமல் போயிருக்கும். யார் முடிவெடுக்கிறார்கள், பணம் எவ்வளவு, எந்தச் சட்டம் தடுக்கிறது, இதையெல்லாம் யாரும் தொடுவதில்லை. அதனால் நான் நோட்ஸை ஆயுதங்களின் பெயரில் பிரிக்கவில்லை, அரசுகள் எடுத்த முடிவுகளின் பெயரில் பிரித்தேன்.

இந்தியாவுக்கு 2018 பிப்ரவரியிலிருந்து ஆரம்பிக்கலாம். டாடா சன்ஸ் தலைவர் என். சந்திரசேகரன் தலைமையில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு பணிக்குழு அமைத்தது. (மோகனூர்க்காரர் என்பதால் இந்தப் பெயர் எனக்கு மறக்கவே இல்லை.) அதன் பரிந்துரைப்படி 2019-ல் பாதுகாப்பு அமைச்சரைத் தலைவராகக் கொண்ட பாதுகாப்பு ஏஐ கவுன்சிலும், அதன் கீழ் ஒரு திட்ட முகமையும் வந்தன. ராணுவ ஏஐ திட்டங்களுக்கு அப்போது ஒதுக்கியது ஆண்டுக்கு 100 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்தியாஏஐ மிஷனுக்கோ ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 10,372 கோடி. அது ராணுவத் திட்டம் அல்ல என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆனாலும் இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்தால் விமர்சனப் பத்தி தானாக வந்துவிடும்.

அதிகம் தப்பாக எழுதப்படும் இடம், மனிதர் தலையிடாமல் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் தானியங்கி ஆயுதங்கள் பற்றிய ஐநா விவாதம். 'தானியங்கி ஆயுதங்களுக்கு எதிரான உலக முயற்சியில் இந்தியா முன்னணியில் இருக்கிறது' என்று பல தாள்களில் பார்த்திருக்கிறேன். நடந்தது வேறு. 2023 டிசம்பரில் ஐநா பொதுச்சபையில் இதுபற்றிய தீர்மானம் 152 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை நான்கே நாடுகள், அதில் இந்தியாவும் ஒன்று, ரஷ்யாவும் ஒன்று. இந்தியாவின் வாதம்: இதைப் பேச ஜெனீவாவில் மரபுவழி ஆயுத ஒப்பந்தத்தின் கீழ் ஏற்கெனவே நிபுணர் குழு இருக்கிறது, இன்னொரு மேடை அதைப் பலவீனப்படுத்தும், கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவர இன்னும் நேரம் வரவில்லை. இந்த நிலைப்பாட்டை நீங்கள் ஏற்கலாம், எதிர்க்கலாம். எனக்கு முதல் பாதி நியாயமாகவும் இரண்டாம் பாதி காலம் கடத்துவதாகவும் படுகிறது. எப்படியானாலும் வாக்கைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, பிறகு மதிப்பிடுங்கள். திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான்.

அமெரிக்கா, சீனாவுக்கு அதிக இடம் வேண்டாம். 2030-க்குள் ஏஐயில் உலக முதலிடம் என்ற சீனாவின் 2017 திட்டம் ஒரு வரி. 2022 அக்டோபரில் ஏஐக்குத் தேவையான உயர்ரக சிப்கள் சீனாவுக்குப் போவதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது ஒரு வரி. ஏஐ எப்படி வர்த்தகக் கொள்கையையே பாதுகாப்புக் கொள்கை ஆக்கியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ட்ரோன் வீடியோக்களை அலசும் அமெரிக்க ராணுவத்தின் புராஜெக்ட் மேவனிலிருந்து, ஊழியர் எதிர்ப்புக்குப் பின் 2018-ல் கூகுள் விலக முடிவு செய்ததையும் வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கி செய்யும் ஆலை அரசிடம் இருக்கலாம், இந்தத் தொழில்நுட்பம் தனியார் கையில் இருக்கிறது.

அப்புறம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் ராணுவத்துக்கும் தேசியப் பாதுகாப்புக்கும் பொருந்தாது. நம் 2023 தனிநபர் தரவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தர வழி வைத்திருக்கிறது. இதோடு, அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பைச் சேர்த்தால் அரசியலமைப்பு, ஆட்சிமுறை பற்றிய ஜிஎஸ் 2 தாளுக்கும் ஒரு பத்தி தயார்.

150 சொல் விடையில் இவ்வளவும் அடங்காது. நான் இரண்டு, மிஞ்சினால் மூன்று தகவல் மட்டும் எடுப்பேன். மீதி இடம் வாதத்துக்கு. கோச்சிங் தொகுப்புகளைவிட மத்திய அரசின் செய்தித் தகவல் அலுவலகமான பிஐபியின் அறிக்கைகளும் வெளியுறவு அமைச்சக அறிக்கைகளும் சுருக்கமானவை, தேதியும் சரியாக இருக்கும். ஜெனீவா நிபுணர் குழுவுக்கு, மரபுவழி ஆயுத ஒப்பந்தத்தின் 2026 மீளாய்வு மாநாடுதான் கெடு. தேர்வுக்குப் போகுமுன் அங்கே இந்தியா என்ன சொன்னது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.