எம்பிராய்டரியைப் பிரிக்க, சட்டையை முதலில் உள்பக்கம் திருப்புங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் பள்ளி திறக்கும் சமயம் அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். பாக்கெட்டுக்கு மேலே அண்ணன் பெயர் நூலில் ஏறியிருக்கும். வேலை மாறியவர் வீட்டில் பழைய கம்பெனிச் சட்டை நாலைந்து கிடக்கும். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் எடுத்த நல்ல காட்டன் சட்டையின் நெஞ்சில் யாருடைய லோகோவோ இருக்கும். இவை எல்லாவற்றையும் பிரிக்கலாம். முன்பக்கம் பளபளக்கும் நூலைப் பிளேடால் சுரண்டுவதுதான் தவறு. அங்கே நூல் நெருக்கமாகப் படிந்திருப்பதால், பிளேடு நூலோடு துணியையும் சேர்த்து அறுத்துவிடும்.

மெஷின் எம்பிராய்டரியில் இரண்டு நூல் உண்டு. மேலே தெரிவது வண்ண நூல். அடியில் இருப்பது பாபின் நூல், மெல்லியது, பெரும்பாலும் வெள்ளை. வண்ண நூலைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். சட்டையைத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும், அதன் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு, ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வெட்ட வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

பின்னால் தாள் மாதிரி ஒரு பேக்கிங் ஒட்டியிருக்கும். அதை முதலிலேயே பிய்த்துவிடாதீர்கள். பாபின் நூல் பேக்கிங்கின் மேல் படிந்திருக்கிறது, துணி அதற்குக் கீழே. கருவி வழுக்கினால் முதலில் கிழிவது பேக்கிங்தான். கடைசி வரை அது இருக்கட்டும்.

கருவி ஒரு புது ரிப்பர், அதாவது தையல் பிரிக்கும் கூர்முனைக் கருவி. மழுங்கிய ரிப்பர் நூலை அறுக்காமல் இழுக்கும், துணி சுருங்கும். கூடவே முனை கூரான டுவீசர், மாஸ்கிங் டேப், நல்ல வெளிச்சம். துணியை விரலில் இறுக்கிப் பிடித்து, ரிப்பரின் கூர்முனையை வெள்ளை நூலுக்கு அடியில் நுழைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு தையல் போதும். முனை துணிப்பக்கம் சாயாமல், மேல்நோக்கித் தூக்கி அறுங்கள். இரண்டு சென்டிமீட்டர் போனதும் முன்பக்கம் திருப்பி நகத்தால் வருடுங்கள். சரியாக அறுந்திருந்தால் வண்ண நூல் பஞ்சு மாதிரி எழும்பி வரும், டேப்பை ஒட்டி எடுத்துவிடலாம். வரவில்லை என்றால் இழுக்கவே கூடாது. பின்னால் ஏதோ ஒரு தையல் அறுபடாமல் நிற்கிறது. திரும்பிப் போய் அதைத் தேடி வெட்டுங்கள்.

எழுத்து போன பிறகும் அடியில் ஒற்றைக் கோடாகச் சில தையல்கள் நிற்கும். அது எழுத்து எழும்பித் தெரிவதற்காக முதலில் போடும் அடித்தையல். மூன்று தையலுக்கு ஒன்றை வெட்டி, மறுபக்கத்திலிருந்து டுவீசரால் இழுத்தால் வந்துவிடும்.

நிரப்பித் தைத்த லோகோவுக்குப் பொறுமை வேண்டும். நெஞ்சுப் பக்கத்துச் சின்ன லோகோவிலேயே ஐயாயிரம், பத்தாயிரம் தையல் இருக்கும். இதற்குச் சிலர் தாடி ட்ரிம்மரைச் சீப்பு மாட்டாமல் பின்பக்கம் ஓட்டுகிறார்கள். தடித்த நெய்த துணியில் அது வேலை செய்யும், ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர்தான் தள்ள வேண்டும். போலோ டீசர்ட்டில் வேண்டவே வேண்டாம். பின்னல் துணியில் ஓர் இழை அறுந்தால் துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும்.

தீபாவளி ரவிக்கையில் இருக்கும் ஆரி வேலை வேறு சங்கதி. அது சங்கிலித் தையல். கொத்துக் கொத்தாக வெட்டினால் நூறு துண்டு நூலைப் பொறுக்க வேண்டிவரும். உள்துணி பின்பக்கத்தை மறைத்திருக்கும், அதனால் அதன் அடிமடிப்பை ஒரு சாண் பிரித்து உள்ளே பாருங்கள். கடைசிச் சங்கிலியின் முடிச்சைக் கண்டுபிடித்து வெட்டி, தைத்த திசைக்கு எதிராக இழுத்தால் நூல் சரசரவென்று ஓடி வரும். தொடக்க முனையில் இழுத்தால் நகராது. மணியும் கல்லும் தனித்தனி நூலில் இருந்தால் முதலில் அவற்றை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நூல் போனபின் ஊசி ஓட்டைகள் தெரியும். எம்பிராய்டரிக்குப் பரவலாகப் போடும் 75 எண் ஊசியின் தடிமன் 0.75 மில்லிமீட்டர். காட்டனில் நீராவி காட்டி, நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துத் துவைத்தால் இழைகள் மெல்லக் கூடிவிடும். பாலியெஸ்டர் கலந்ததில் பாதிதான் மூடும். பட்டு, சாட்டின், மழைக்கோட்டுத் துணியில் ஓட்டை அப்படியே நிற்கும், அவற்றில் கை வைக்காமல் இருப்பதே மேல். டீசர்ட்டாக இருந்தால் துவைக்கும் முன்பே பின்னால் மெல்லிய ஒட்டுத் துணி வைத்து அயன் பண்ணிவிடுங்கள். நூல் பிசிறு ஒன்றும் மிச்சமில்லாமல் எடுத்த பிறகுதான் சூடு காட்ட வேண்டும். பாலியெஸ்டர் பிசிறு அதிகச் சூட்டில் உருகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு குறைக்கு மட்டும் மருந்து கிடையாது. வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த கருநீலச் சட்டையில், லோகோ இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருத்து நிற்கும். பிரிக்கும் முன்பே சட்டையின் உள்பக்க நிறத்தையும் வெளிப்பக்க நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். வித்தியாசம் அதிகமென்றால் பிரிக்காமல், மேலே ஒரு பாக்கெட்டோ துணிப் பட்டையோ வைத்துத் தைத்துவிடுங்கள். வெள்ளைப் பள்ளிச் சட்டைக்கு இந்தத் தொல்லை குறைவு. தம்பியின் பெயர்ப்பட்டையை அதே இடத்தில் வைத்துத் தைத்தால் மிச்ச ஓட்டைகளும் அதற்கடியில் போய்விடும்.