அம்மாவின் சமையல் நோட்டும் ஜின்ஜா2வும்: மூன்றாவது வாரம்

அம்மாவின் சமையல் நோட்டை இணையப் பக்கங்களாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கருவி ஜின்ஜா2: டெம்ப்ளேட் எனும் பக்க அச்சில் தகவல்களை நிரப்பித் தரும் பைத்தான் நூலகம். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான பேஸ் டெம்ப்ளேட் போன வாரமே முடிந்தது. தலைப்பும் மெனுவும் அதில். ஒவ்வொரு சமையல் பக்கமும் அதை எக்ஸ்டெண்ட்ஸ் செய்து, அதாவது அடிப்படையாக எடுத்துக்கொண்டு, நடு பிளாக்கை (பகுதியை) மட்டும் நிரப்புகிறது. இந்த வாரம் 64 குறிப்புகளையும் ஜேசனில் (பெயரும் மதிப்புமாகத் தகவலை எழுதும் கோப்பு வடிவம்) தட்டி முடித்து, பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டி, வந்த பக்கங்களை அம்மாவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன். "ஏண்டா, வத்தக்குழம்புக்கு மிளகாய்த்தூள் எவ்வளவுன்னே போடலையே?"

போட்டிருந்தேன். ஆனால் ஜேசனில் 'அளவு' என்பதை 'அலவு' என்று தட்டியிருக்கிறேன். இல்லாத பெயரைக் கேட்டால் ஜின்ஜா சண்டை போடாது, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஜின்ஜாவின் பொது அமைப்பான என்விரான்மென்டில், இல்லாத பெயர் வந்தால் பிழை காட்டச் சொல்லும் ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைன்டு கொடுத்தேன். அடுத்த ஓட்டத்திலேயே பிழை காட்டி நின்றது. இதே மாதிரி இன்னும் மூன்று இடம் சிக்கியது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

அப்புறம், நிஜமாகவே அளவு இல்லாத பொருட்கள். அம்மாவின் நோட்டில் உப்புக்கு ஏது அளவு? அங்கெல்லாம் 'தேவையான அளவு' என்று வரட்டும் என டீஃபால்ட் ஃபில்டர் போட்டால், வரவில்லை. (ஃபில்டர் என்பது மதிப்பை மாற்றித் தரும் சிறு கட்டளை; டீஃபால்ட், இல்லாததற்கு மாற்று தரும்.) நான் அளவை வெறும் மேற்கோள் குறிகளாக, உள்ளே ஒன்றுமில்லாமல் வைத்திருந்தேன். பெயரே இல்லாவிட்டால்தான் டீஃபால்ட் எட்டிப் பார்க்கும். காலியாக இருப்பதையும் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டாவதாக ட்ரூ என்று கொடுக்க வேண்டும். கொடுத்தேன், சரியானது.

அதிக நேரம் தின்றது நீளமான வரியை வெட்டும் ட்ரன்கேட் ஃபில்டர். முகப்பில் ஒவ்வொரு குறிப்பின் அறிமுகத்தையும் 60 எழுத்தில் வெட்டச் சொன்னேன். வரிகள் ஒரே நீளத்தில் நிற்கட்டும் என்று சொல்லின் நடுவிலும் வெட்ட அனுமதித்தேன். ஒரு வரியில் 'தொக்கு' என்ற சொல் 'த...' என்று நின்றது. கொம்பும் காலும் போய்விட்டன! காரணம், எண்ணிக்கை யுனிகோடு குறிகளின் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களின்) கணக்கு. 'கொத்தமல்லி' நமக்கு 6 எழுத்து, நீளத்தை எண்ணும் லெங்த் ஃபில்டருக்கு 10. உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. சொல்லின் நடுவில் வெட்டும் அனுமதியை எடுத்துவிட்டேன். இப்போது இடைவெளி பார்த்துத்தான் வெட்டுகிறது. 60ஐ 100 ஆக்கினேன். வரிகள் ஏற்ற இறக்கமாக இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும்.

மைசூர்பாகு படத்தின் மேல் மவுஸை வைத்தால் 'பாகு' என்று மட்டும் வந்தது. முழு வரி: பாகு "ஒற்றைக் கம்பி" பதம். மவுஸ் வைத்தால் வரும் வரியை எச்டிஎம்எல்லில் டைட்டில் அட்ரிபியூட்டில், இரட்டை மேற்கோளுக்குள் வைப்போம்; வரிக்குள் இருந்த இரட்டை மேற்கோள் அதை அங்கேயே மூடிவிட்டது. இப்படிப்பட்ட குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிவிடுவது ஆட்டோஎஸ்கேப். ஜின்ஜாவைப் பயன்படுத்தும் ஃபிளாஸ்க் என்ற பைத்தான் இணையக் கட்டமைப்பில் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகளுக்கு அது தானாகவே ஓடும். ஜின்ஜாவைத் தனியாக எடுத்தால் நாம்தான் போட வேண்டும், நான் போடவில்லை. போட்டதும் இன்னொன்று கிளம்பியது: முன்னுரையில் நானே எழுதிய தடித்த எழுத்து டேக்குகள் அப்படியே எழுத்தாகத் தெரிந்தன. அந்த ஒரு பத்திக்கு மட்டும், மாற்றாமல் அப்படியே விடச் சொல்லும் சேஃப் ஃபில்டர். அம்மா வாட்ஸாப்பில் அனுப்பி நான் ஒட்டும் எதற்கும் அது கிடையாது.

மிச்சம் இருப்பது அகரவரிசை. வரிசைப்படுத்தும் சார்ட் ஃபில்டர் யுனிகோடு வரிசையில் அடுக்குவதால் கத்தரிக்காய்க்கு முன்னால் கதம்ப சாதம் வருகிறது, அகராதியில் இது தலைகீழ். இதை டெம்ப்ளேட்டுக்குள் சரிசெய்யப் பார்த்து இரண்டு இரவு போனது. அடுத்த வாரம் பைத்தானிலேயே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடப் போகிறேன்.