எடைமேடைக் கணினி எழாத காலை

தை அறுவடை சமயத்தில் காலை ஆறரைக்கு அரிசி ஆலையிலிருந்து போன் வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. நீடாமங்கலம் பக்கத்து ஆலை. "தம்பி, எடைமேடை கம்ப்யூட்டர் கறுப்பாவே நிக்குது, வாசல்ல ஆறு லாரி" என்றார் கணக்குப்பிள்ளை. ராத்திரி கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ் பேட்டரியும் கைவிட்டுவிட்டது.

"கடைசி வரியை விடுங்கண்ணே. மேல கலர் எழுத்து ஏதாவது தெரியுதா?"

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "மஞ்சள்ல டி, ஈ, பி, ஈ, என், டி. அதே வரியில பேக்கப்னு இருக்கு."

டிபெண்ட் என்றால், தேவையான ஏதோ ஒன்று வராததால் இது நின்றுவிட்டது என்று அர்த்தம். பேக்கப் என்றதும் வயிற்றில் புளி கரைந்தது. ஐப்பசியில் அந்த பேக்கப் டிஸ்கை மாற்றியதே நான்தான். பழையது கடகடவென்று சத்தம் போட்டதால் புதிதாக ஒன்றைப் போட்டு, ஃபார்மேட் செய்து, கையாலேயே மவுண்ட் செய்து (ஒரு ஃபோல்டரோடு இணைத்து), ஃபைல்கள் போகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஃபார்மேட் செய்தால் டிஸ்கின் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். எந்தெந்த டிஸ்கை மாட்ட வேண்டும் என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய டிஸ்கின் எண் அப்படியே கிடந்தது. அதன் பிறகு அந்த மெஷினை யாரும் நிறுத்தவே இல்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவது போல என் தப்பு ஆடி அசைந்து தையில் வந்து சேர்ந்தது.

லினக்ஸ் பூட் ஆகும்போது எல்லாவற்றையும் கிளப்பிவிடும் சிஸ்டம்டி அந்த ஃபைலை வரி வரியாக நம்பும். அதில் எழுதிய டிஸ்க் வரவில்லையென்றால் வழக்கமாக 90 வினாடி காத்திருக்கும். பிறகு பழுது பார்க்க மட்டுமே விடும் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுகொள்ளும். பில் போடும் டிஸ்குக்கு ஒரு குறையும் இல்லை. மொய் எழுத ஆள் வரவில்லை என்று தாலி கட்டுவதை நிறுத்தி வைத்த கதைதான்.

மெஷினின் தலைமைக் கணக்கான ரூட்டுக்கு பாஸ்வேர்டு இருந்திருந்தால் போனிலேயே முடித்திருக்கலாம். அதில் டெபியன் லினக்ஸ் போடும்போது ரூட்டுக்கு பாஸ்வேர்டு வைக்காமல் விட்டதும் நான்தான். ரூட் கணக்கு பூட்டியிருப்பதாகச் சொல்லி உள்ளேயே விடவில்லை. மன்னார்குடியிலிருந்து பென்டிரைவோடு பைக்கை விரட்டினேன். போய்ச் சேர்ந்தபோது கணக்குப்பிள்ளை பழைய ரசீது புத்தகத்தை எடுத்து, கார்பன் தாள் வைத்து எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் பூட் செய்து, மெஷினின் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, பிளாக்ஐடி கட்டளை காட்டிய புது எண்ணை அந்த ஒரு வரியில் போட்டேன். கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும், காத்திருக்க 10 வினாடி போதும் என்பதையும் சேர்த்தேன். வேலை ஐந்து நிமிடம்கூட இல்லை.

நோஃபெயிலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. டிஸ்க் வராவிட்டாலும் மெஷின் சத்தமில்லாமல் எழுந்துவிடும். பேக்கப் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. டிஸ்க் மாட்டியிருக்க வேண்டிய வெறும் ஃபோல்டரில் எழுதி எழுதி ரூட் டிஸ்கையே நிரப்பிவிடும். அதனால் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் போட்டேன். இப்போதெல்லாம் எஃப்எஸ்டேப்பில் கை வைத்தால் டிஸ்கை அன்மவுண்ட் செய்து, மவுண்ட் -ஏ கட்டளை கொடுத்து, அது அந்த வரியைப் படித்துத் தானே மாட்டுகிறதா என்று பார்க்காமல் விடுவதில்லை.

அப்புறம் பேட்டரி மாற்றினார்கள். போன மாசம் பிரிண்டர் பார்க்கத்தான் போனேன். கிளம்பும்போது கணக்குப்பிள்ளை கேட் வரை வந்தார்.

"தம்பி, ஒருதரம் நிறுத்திப் போட்டுப் பாத்துட்டியா?"

"பிரிண்டர்தானேண்ணே..."

"பரவால்ல. பாத்துட்டே போ."

திரும்பி உள்ளே போனேன்.