ஒய்ஏ 935010: ஒரு போர் அறிக்கையோடு ஒரு மாதம்

வியட்நாம் போரின் அமெரிக்க ராணுவ அறிக்கைகளை மூன்று வருடமாகச் சேர்த்து வருகிறேன். சண்டை முடிந்த சில வாரங்களில் களத்தில் இருந்த அதிகாரி தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்பியவை இவை. போர் எப்படி முடியும் என்று எழுதியவருக்கு அப்போது தெரியாது. பிற்பாடு வந்த புத்தகங்களைவிட இவை எனக்குப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

தேடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும், ஒரே ஊரைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள். அறிக்கையின் தலைப்பில் வரும் கட்டுப்பாட்டு எண்ணைப் போடுங்கள். சண்டை அறிக்கைக்கு 'எம்ஏசிவி ஜே3-32', காலாண்டு அறிக்கைக்கு 'சிஎஸ்ஃபோர்-65'. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் காப்பகம் ஏராளமான பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

உரை கிடைத்துவிடும். அரிதானது இணைப்பு வரைபடம்தான். சென்ற வருடம் ஒரு விற்பனையாளரிடம் காலாண்டு அறிக்கை ஒன்றைத் தாளாகவே வாங்கினேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரகசிய நிலை குறையும், 12 வருடத்தில் நீங்கும் என்ற முத்திரை முதல் பக்கத்தில் அழகாக இருந்தது. கடைசியில் வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் துருப்பிடித்த பின்னும் அதில் மாட்டிய கிழிந்த காகித நுனியும் மட்டுமே மிஞ்சியிருந்தன. இன்னும் மனது ஆறவில்லை.

அதனால் இந்த மாதம் வரைபடத்தை நானே போட்டுப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது, இயா டிராங் பள்ளத்தாக்குச் சண்டை பற்றி லெப்டினன்ட் கர்னல் ஹால் மூர் 1965 டிசம்பர் 9 தேதியிட்டு எழுதிய அறிக்கை. நவம்பர் 14 காலை 10:48-க்கு முதல் ஹெலிகாப்டர்கள் இறங்கிய 'எக்ஸ்-ரே' என்ற இடத்துக்கு ஒய்ஏ 935010 என்று குறியீடு. 'ஒய்ஏ' என்பது வரைபடத்தின் பெரிய கட்டம் ஒன்றின் பெயர். அதற்குள் முதல் மூன்று இலக்கம் கிழக்கே எவ்வளவு தூரம், அடுத்த மூன்று வடக்கே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும். 100 மீட்டர் துல்லியம். எல்7014 வரிசையின் 1:50,000 வரைபடத்தை அச்செடுத்து, மேலே டிரேசிங் தாள் விரித்துப் பென்சிலால் புள்ளி வைத்தேன். சூ போங் மலையின் அடிவாரத்தில் சரியாக உட்கார்ந்தது.

அப்புறம் அதே எண்ணைக் கணினியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டேன். புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தது. ஒரு கால்பந்து மைதானம் அளவுள்ள வெட்டவெளிக்காக உயிர் போன இடத்தில் அத்தனை தூரம் என்பது வேறு போர்க்களம். மூன்று இரவு என் கணக்கில்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

விடை வரைபடத்தின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் இருந்தது: எவரெஸ்ட் நீள்கோளம், இந்திய ஆதாரம் (டேட்டம்) 1960. பூமியின் வடிவத்துக்கு அந்த வரைபடம் வைத்திருக்கும் அளவு, இன்றைய ஜிபிஎஸ் வைத்திருப்பது அல்ல. ஜார்ஜ் எவரெஸ்ட் இந்திய நில அளவையிலிருந்து கணக்கிட்டது அது. அந்த அளவையை வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கியது 1802-இல், நம் பரங்கிமலை பக்கம் அடிக்கோடு அளந்து. படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆதாரத்தை மாற்றிக் கணக்குப் போட்டதும், தாளிலும் திரையிலும் புள்ளிக்கு மேற்கே ஒரே மலைமுனை வந்தது. அறிக்கையில் மேற்கு ஓரத்தில் வரும் வறண்ட ஓடைப்படுகையை இப்போது எங்கே தேடவேண்டும் என்று தெரிகிறது. பதுங்கிய வீரர்களுக்கு அது இயற்கையான அகழி. அதற்கு அப்பால் துண்டிக்கப்பட்ட பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) எந்தப் பக்கம் போனது என்பதையும் பென்சிலில் கோடிழுத்து வருகிறேன்.

இதற்கு முன் குறித்த 14 புள்ளிகளையும் மாற்றிப் போடவேண்டும். ஆறு முடிந்தது. எக்ஸ்-ரேயிலிருந்து நவம்பர் 17 அன்று நடந்து போனவர்கள் சிக்கிய ஆல்பனி அடுத்தது. அதற்கு இன்னொரு டிரேசிங் தாள் வெட்டி வைத்திருக்கிறேன்.