சுங்கா பலகை: மூன்றாவது முயற்சியில் குழி வசப்பட்டது

ஒருவழியாக நேற்று ராத்திரி, பிலிப்பீன்ஸில் ஆடும் சுங்கா ஆட்டத்துக்காக நான் செதுக்கும் பலகையில் பதினான்காவது குழியும் முடிந்தது. முதல் பலகை மகோகனி. நன்றாகக் காய்ந்த மரம் என்று சத்தியம் செய்து விற்றார்கள். பத்தே நாளில் நட்டநடுவே பிளந்தது. இரண்டாவதில் குழிகள் எல்லாம் கிணறு மாதிரி ஆகிவிட்டன. இது மூன்றாவது, ஜிமெலினா. நம் குமிழ மரம்தான், இங்கே மலிவு.

பிலிப்பீன்ஸில் இருக்கும் இந்த லாஸ் பான்யோஸ் ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு வாசலில் சுங்கா ஆடுவதைப் பார்த்துப் பல்லாங்குழி என்றே நினைத்தேன். ஆளுக்கு 7 குழி என்பது வரைக்கும் அதேதான். ஆனால் இங்கே பலகை படகு மாதிரி, இரு முனையிலும், சேர்த்த சோழியைப் போட ஆளுக்கொரு பெரிய தலைக்குழி. குழிக்கு 7 சோழி, மொத்தம் 98. பசு எடுப்பதெல்லாம் கிடையாது. முதல் சுற்றில் இருவரும் ஒரே நேரத்தில் அள்ளிப் போட ஆரம்பிப்பதால் வேகம்தான் எல்லாம்.

அந்த வேகத்துக்குத்தான் குழி சரியாக அமைய வேண்டும். சுவர் செங்குத்தாக இருந்தால் ஒரே அள்ளில் எல்லாம் வராது. இரண்டு சோழி அடியில் தங்கிவிடும். நகவுளியை (வாய் நகம் மாதிரி வளைந்த உளி) மரத்தின் நாரோடு ஓட்டினால் பாதிக் குழி வரை வெண்ணெய். அடியைத் தாண்டி மேலே ஏறியதும் எதிர்நார், சிம்பு சிம்பாகப் பிய்யும். இரண்டாவது பலகை இப்படித்தான் போயிற்று.

வழி சொன்னது பயெத்தேயில் ஒரு சிற்பி. இங்குள்ள லகுனா டி பே ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் மரச்சிற்ப ஊர். பெயரே உளியைக் குறிக்கும் தகாலோக் (இங்குள்ள மொழி) சொல்லிலிருந்து வந்தது. அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. உளியை வாங்கித் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்தார், மழுங்கிய உளி வழுக்கியது. சிரித்தார். அவ்வளவுதான் பாடம். இப்போது இரண்டு குழிக்கு ஒருமுறை தோல் வாரில் தீட்டுகிறேன். நாருக்குக் குறுக்கே, விளிம்பிலிருந்து அடியை நோக்கி மட்டும். கடைசிச் சீவலுக்குக் கொட்டாப்புளியே வேண்டாம், மணிக்கட்டைத் திருப்பிக் கையாலேயே தள்ளினால் போதும். அப்புறம் பாதியாக வெட்டிய ரப்பர் பந்தில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் அடி உள்ளங்கை மாதிரி வருகிறது.

சோழிக் கதை தனி. 98 கேட்டதற்கு 91 வந்தது. அதில் ஐந்து, குழியையே அடைத்துக்கொள்ளும் பூதங்கள். மிச்சத்துக்குப் புளியங்கொட்டை போடலாம் என்றால் பக்கத்து வீட்டு லோலா (பாட்டி) முறைக்கிறார். வீட்டுக்குள் வைத்து ஆடாதே, வீடு எரிந்துபோகும் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த சுற்றில் நிரப்ப முடியாமல் போகும் குழிக்கும் இங்கே 'சுனோக்', அதாவது எரிந்தது என்றுதான் பெயர்.

போன வாரம் லோலா தன் கொய்யா மரத்தைக் கழித்தபோது மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளை கொடுத்தார். அடுத்து திரும்போ, அதாவது பம்பரம். இங்கேயும் பம்பரத்துக்குக் கொய்யாக் கட்டைதான். கிளை நிழலில் காய்கிறது, இந்தத் தடவை அவசரப்படுவதாக இல்லை.

இரண்டு தலைக்குழியும் பாக்கி. ஒவ்வொன்றிலும் 60 சோழியாவது கொள்ள வேண்டும். பென்சிலால் வட்டம் போட்டாயிற்று. முனை குறுகுவதால் சுவருக்கு ஒரு விரற்கடைதான் மிஞ்சுகிறது. சனிக்கிழமை உளியை வைக்கிறேன்.