மண்டூர் வீட்டுச் சுவரும் பெரியப்பாவின் இருமலும்

2024 டிசம்பர் 9, திங்கள்

குருமண்வெளியில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி மண்டூருக்குப் போனேன். வெள்ளம் வடிந்துவிட்டது. பெரியப்பா வீட்டு மணம் மட்டும் போகவில்லை. நவம்பர் கடைசியில் வந்த தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு அறைக்குள் நின்றிருக்கிறது. அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கரும்பச்சைப் பூஞ்சணம். தும்பு மெத்தையின் அடிப்பக்கமும் அப்படித்தான். அதே அறையில் போன போகத்து நெல் மூட்டைகள், அடிமூட்டை நனைந்து முளைவிட்டிருக்கிறது. அந்த மூட்டைக்குப் பக்கத்தில்தான் பெரியப்பா படுக்கிறார்.

இருமல் வெள்ளத்துக்கு முதலே இருந்தது, மூன்று நான்கு மாதமாக. ஆள் மெலிந்து, முகம் மட்டும் ஊதியிருக்கிறார். பெரியம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, "மகன், நேற்று சளியோட ரத்தம் வந்தது. உங்கட பெரியப்பா சொல்ல வேணாம் எண்டவர்" என்றார்.

2024 டிசம்பர் 11, புதன்

ரவுணுக்குக் கூட்டிவந்து ஒரு டொக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயைப் பார்த்தார், பெரியப்பாவுக்கு முன்பு கசம் (காசநோய்) வந்தது தெரிந்ததும் "திரும்பி வந்திருக்கும்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நல்லவேளை, மருந்து தொடங்காமல் மார்புச் சிகிச்சை நிலையத்துக்குக் கடிதம் தந்தார்.

2024 டிசம்பர் 17, செவ்வாய்

சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. நுண்ணோக்கியிலும் இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்திலும் இல்லை. "அப்ப இருமல் ஏன்?" என்று பெரியப்பா கேட்டார். மார்புச் சிகிச்சை நிலைய டொக்டர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். கசம் எப்ப வந்தது, மருந்தை முழுக்கக் குடித்தீர்களா, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, நெல் எங்கே வைப்பது, சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறதா. கடைசியாக, "வேற எங்கயாவது மருந்து எடுக்கிறீங்களா?"

பெரியம்மா தோள்பையிலிருந்து கடதாசிச் சரை ஒன்றை எடுத்து நீட்டினார். பெயரும் இல்லை, அளவும் இல்லை, "காலை 2, இரவு 2" என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர்ப்பக்கத்து டிஸ்பென்சரி ஒன்றில் மாதக்கணக்காக வாங்கியது. குடித்தால் இருமல் கொஞ்சம் குறையும், பசியும் நன்றாக எடுக்கும், அதனால் கைராசி மருந்து என்று நம்பியிருக்கிறார்கள். டொக்டர் சின்ன வெள்ளைக் குளிசையை உருட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டீரொயிட் போல இருக்கிறது என்றார். ஊதின முகத்துக்கும், ஏறிக்கிடக்கும் சீனிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும், பூஞ்சணத்துக்கு வழி விடும். ஆனால் உடனே நிறுத்தவும் கூடாதாம், இத்தனை மாதம் குடித்த பிறகு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஸ்கேன் படத்தை விளக்கினார். பழைய கசம் ஆறியபோது வலது நுரையீரலின் மேற்பக்கத்தில் ஒரு குழி விட்டுப்போயிருக்கிறது. அந்தக் குழிக்குள் இப்போது ஒரு உருண்டை, சுற்றிவரப் பிறை போலக் காற்று. குப்புறப் படுக்கவைத்து எடுத்த படத்தில் உருண்டை இடம் மாறியிருந்தது. அது பூஞ்சண உருண்டை. உறுதிப்படுத்த ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

2024 டிசம்பர் 20, வெள்ளி

இரவு முழுக்க வாசித்துக்கொண்டிருந்தேன். இப்படியான உருண்டைக்கு வழக்கமான காரணம் அஸ்பர்ஜிலஸ், எங்கும் இருக்கும் பூஞ்சணம். ஈர வைக்கோல், நனைந்த நெல், உக்கிய இலை, ஊறின சுவர் எல்லாவற்றிலும் வளரும். அதன் வித்துகள் ஒரு மில்லிமீற்றரில் முந்நூறில் ஒரு பங்கு அளவுதான். நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், நல்ல நுரையீரல் அவற்றை அழித்துவிடுகிறது. பழைய கசக் குழி, ஸ்டீரொயிட், கட்டுப்பாடில்லாத சீனி இருக்கிற இடத்தில்தான் அது குடியேறும். 2022 இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சணங்கள் என்று 19 ஐப் பட்டியல் போட்டபோது, அஸ்பர்ஜிலஸ் ஃபியுமிகேற்றஸ் மிக அவசரமான நான்கில் ஒன்றாக இருந்தது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2005 இல், சுனாமிக்குப் பிந்திய மாதங்களில், கொழும்பில் சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட தாய்மார் சிலருக்கு இதே பூஞ்சணத்தால் மூளையுறை அழற்சி (மெனிஞ்சைற்றிஸ்) வந்தது. நிவாரணமாகக் குவிந்த பொருட்களோடு சிரிஞ்சுகளைக் களஞ்சியப்படுத்திய விதத்தின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. சுவரில் இருப்பது மட்டும்தான் பூஞ்சணம் என்று நினைக்கிறவர்கள் இதையும் தெரிந்திருக்க வேண்டும்.

2024 டிசம்பர் 28, சனி

மச்சான்மாரோடு வீட்டைத் துப்புரவாக்கினோம். பெரியப்பாவை முதலிலேயே கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், இந்த வேலை நடக்கும்போது நோயாளி பக்கத்தில் நிற்கவே கூடாது. காய்ந்த தும்புத்தடியால் சுரண்டினால் வித்துகள் வீடெல்லாம் பறக்கும். முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, உப்பிப்போன பூச்சைக் கொத்தி எறிந்தோம். மெத்தையைக் கழுவி வெயிலில் போடலாம் என்று பெரியம்மா அழாத குறையாகக் கேட்டார், மாட்டோம் என்றுவிட்டோம். பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்து, "மேலால பெயின்ற் அடிச்சா சரிதானே" என்றார். சுவர் காயாமல் அடித்தால் பெயின்றுக்கு உள்ளேயே வளரும் என்று சொன்னேன், நம்பவில்லை. ஓட்டுக்கூரையில் ஒழுக்கு இருக்கும்வரை இதெல்லாம் பாதி வேலைதான் என்பது எனக்கும் தெரியும்.

நெல் மூட்டைகளை மாற்றுவதுதான் பெரிய சண்டை. விறாந்தையில் வைத்தால் களவு போகுமாம்.

2025 ஜனவரி 7, செவ்வாய்

ரத்த முடிவு வந்தது, பூஞ்சணம்தான். பூஞ்சணத்துக்கான மருந்து இற்ராகோனசோல் குறைந்தது ஆறு மாதம், அதற்குமேலும் போகலாம். இந்தக் கப்சூல் வயிற்றில் சாப்பாடும் அமிலமும் இருந்தால்தான் சரியாக உடம்பில் சேரும். பெரியப்பா நெஞ்செரிவுக்கு நினைத்தபோதெல்லாம் போடும் குளிசை அதைக் கெடுத்துவிடும். கொலஸ்ட்ரோலுக்குக் குடிக்கும் சிம்வாஸ்டற்றினோடும் சேரக்கூடாது, அதை மாற்றித் தந்தார்கள். எனக்கு உறைத்த விடயம் வேறு. முதல் ஊகத்தை நம்பிக் கச மருந்தைத் தொடங்கியிருந்தால், அதிலுள்ள ரிஃபாம்பிசின் இற்ராகோனசோலைக் கிட்டத்தட்ட வேலைசெய்யவிடாமல் பண்ணியிருக்கும். ரத்தம் நிறைய வந்தால் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார் டொக்டர்.

2025 ஜனவரி 17, வெள்ளி

டிஸ்பென்சரிக்குப் போய் அது என்ன குளிசை என்று கேட்டேன். "இருமலுக்குக் குடுக்கிறது" என்றார் அங்கிருந்தவர். பெயரை எழுதித் தாருங்கள் என்றேன், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். பின்னால் நின்ற இரண்டு பேரின் கையிலும் அதே மாதிரிச் சரை. சுவரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இந்தச் சரையைப் பற்றிப் பேசினால், பாவம், அவர் கடனுக்கும் மருந்து தருகிறவர் என்கிறார்கள். அதுவும் உண்மைதான். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இரவு ஏழு மணிக்குக் காய்ச்சல் வந்தால் போக வேறு இடம் குறைவு. ஆனாலும் பெயரில்லாத குளிசையை நான் மன்னிக்கத் தயாரில்லை.

பெரியப்பாவின் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக் அட்டையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ரத்தம் வருவது நின்றிருக்கிறது, இருமல் இன்னும் உண்டு. மருந்து ஈரலைப் பாதிக்கிறதா என்று பார்க்கப் பெப்ரவரியில் ரத்தம் எடுக்க வேண்டும். "அந்தக் கிழமை வெள்ளாமை வெட்டு, திகதியை மாத்தச் சொல்லு மகன்" என்கிறார். வெட்டுத் தூசுக்குள் போகக்கூடாது என்று நானும் பெரியம்மாவும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.